கால் பிரண்டால் வீக்கத்தைப் பார்க்காதீர்கள், விரலை வைத்துப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். தம்பிக்கு 24 வயது, ஓசூரில் கம்பெனி வேலை, எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலக்கோடு பக்கம் உங்கள் ஊரில் வாலிபால் ஆடும்போது எகிறிக் குதித்தவன், இறங்கும்போது இன்னொரு பையனின் காலை மிதித்துவிட்டான். வலது கால் உள்பக்கமாக மடங்கியது, 'டொப்'பென்று சத்தம் கேட்டதாம். அரை மணி நேரத்தில் வெளிக்கணுவில் முட்டை அளவு வீங்கிவிட்டது. இன்று செவ்வாய்க்கிழமை, விரல் வரைக்கும் கருநீலமாக இருக்கிறது, ஆனால் நொண்டிக்கொண்டு நடக்கிறான். அம்மா எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் சொல்லியிருக்கிறார், மாமா கட்டுக் கட்டுகிற இடத்துக்குப் போகலாம் என்கிறார், நீங்கள் எக்ஸ்ரே தேவையா என்கிறீர்கள்.

நீவ வருகிற ஆளை இப்போதே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் தருமபுரியில் பிசியோதெரபிஸ்ட். கால் பிரண்டு வருகிறவர்களைப் பார்க்காத வாரமே எனக்கு இல்லை. வாலிபால், கபடி, வரப்பில் சறுக்கியது, பஸ் நிற்பதற்குள் இறங்கியது, ஒகேனக்கல் பாறையில் வழுக்கியது, எருது விடும் விழாவில் ஓடியது என்று காரணம் மாறும், ஆனால் வந்து சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "எவ்வளவு வீங்கியிருக்கு பாருங்க." வீக்கத்தைப் பார்த்து எலும்பு உடைந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஜவ்வு கிழிந்த கால் பந்து மாதிரி வீங்கி நிற்கும், முறிந்த கால் சில சமயம் கொஞ்சம்தான் வீங்கியிருக்கும். நிறமும் அப்படித்தான். உள்ளே கசிந்த ரத்தம் கனத்தால் கீழே இறங்கி மூன்றாம் நாள் விரல் இடுக்கு வரைக்கும் நீலமாகத் தெரியும், அப்புறம் பச்சை, மஞ்சள் என்று மாறிப் போகும். அதைப் பார்த்து 'பரவுது' என்று பயப்பட வேண்டாம். அந்த 'டொப்' சத்தத்தை வைத்தும் எதையும் முடிவு கட்ட முடியாது, ஜவ்வு அறுந்தாலும் கேட்கும், எலும்பு உடைந்தாலும் கேட்கும்.

ஆனால் சில விஷயங்களைக் கண்ணால் பார்த்ததும் தெரியும், அவற்றை முன்னால் சொல்லிவிடுகிறேன். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கோணலாக நிற்கிறது, அடிபட்ட இடத்தில் தோல் கிழிந்து ஆழமான புண் இருக்கிறது, தோல் இழுபட்டு வெள்ளைவெளேரென்று இருக்கிறது, விரல்கள் சில்லிட்டோ மரத்தோ போய்விட்டன. இதில் ஒன்று இருந்தாலும் 108-க்கு போன் செய்யுங்கள். நேராக்கிப் பார்க்கிறேன் என்று யாரும் இழுக்கக் கூடாது. ஒரு தலையணையை காலைச் சுற்றி மடித்துத் துண்டால் கட்டி அப்படியே கொண்டுபோக வேண்டும், ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் டீ, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது. ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க கால் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள், வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவர்கள் கதையே வேறு. மாங்காய் சீசனில் மரத்திலிருந்து குதிக்கிறவர்கள், சென்ட்ரிங் சாரத்திலிருந்து விழுகிறவர்கள் எல்லாம் கணுக்கால் வலி என்றுதான் வருவார்கள், பார்த்தால் குதிகால் எலும்பு நொறுங்கியிருக்கும், சில பேருக்கு அதோடு முதுகெலும்பிலும் அடி இருக்கும். அவர்களுக்குக் கீழே சொல்லப்போகிற சோதனை எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

உங்கள் தம்பிக்கு இது எதுவும் இல்லை. அதனால் அவனுக்கு விரல் சோதனை செய்து பார்க்கலாம்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. கனடாவில் ஒட்டாவா நகரத்தில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை டாக்டரும் அவருடைய குழுவும் 1992-ல் வெளியிட்டது. அப்போதெல்லாம் கணுக்காலில் அடி என்று வந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள், அதில் உண்மையிலேயே எலும்பு முறிந்திருந்தது நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவு. யாருக்கு எக்ஸ்ரே தேவையில்லை என்று கையால் தொட்டே சொல்ல முடியுமா என்று தேடினார்கள், நான்கு இடத்தை அழுத்துவதும் நான்கு அடி நடப்பதும் போதும் என்று கண்டார்கள். உலகம் முழுக்க இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிற முறை இது. கருவி வேண்டாம், காசு வேண்டாம்.

தம்பியைக் கட்டிலில் உட்கார வைத்து காலை நீட்டச் சொல்லுங்கள். முதலில் நல்ல காலில் எல்லா இடத்தையும் அழுத்திக் காட்டுங்கள், சாதாரணமாக அழுத்தினால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியட்டும். அடிபட்ட காலில் எடுத்தவுடனே வீக்கத்தின் மேல் கை வைக்காதீர்கள், ஆள் பயந்துபோய் எங்கே தொட்டாலும் கத்துவான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்க எலும்பின் தலையிலிருந்து அழுத்திக்கொண்டே கீழே வாருங்கள். மேலே அழுத்தும்போதே அலறினால் அதுவே ஒரு சேதி, கணுக்கால் முறுக்கிய வேகத்தில் மெல்லிய வெளி எலும்பு முழங்காலுக்குப் பக்கத்தில் உடைவது உண்டு, கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் அது படத்திலேயே வராது.

அப்புறம் முக்கியமான இடங்கள். வெளிக்கணுவில் துருத்திக்கொண்டிருக்கும் முண்டு இருக்கிறதே, அதன் நுனியையும், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரைக்கும் அந்த எலும்பின் பின்விளிம்பையும் அழுத்த வேண்டும். 6 செ.மீ. என்றால் நான்கு விரலைச் சேர்த்து வைத்த அகலத்துக்குச் சற்றுக் குறைவு. பின்விளிம்பு என்பதைக் கவனியுங்கள், முன்பக்கம் அல்ல. கால் உள்ளே மடங்கினால் முதலில் கிழிகிற ஜவ்வு முண்டுக்கு முன்னால், கொஞ்சம் கீழே இருக்கிறது, அங்கே தொட்டால் எல்லோருக்கும்தான் உயிர் போகும். அதை எலும்பு வலியோடு குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். உள்கணு முண்டிலும் இதே மாதிரி நுனி, பின்விளிம்பு. மூன்றாவது, சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாகவே பின்னால் தடவிக்கொண்டு வந்தால் பாதி வழியில் ஒரு மேடு தட்டுப்படும், அது. நான்காவது பாதத்தின் உள்பக்கம், கணு முண்டுக்கு முன்னால் சற்றுக் கீழே, பாத வளைவின் உச்சியில் இருக்கும் இன்னொரு மேடு. பூப்போலத் தொட்டால் பயனில்லை, உங்கள் நகம் வெளுக்கிற அளவுக்கு விரல் நுனியால் அழுத்த வேண்டும்.

கடைசியாக நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு அடி. நொண்டினாலும் சரி, முகத்தைச் சுளித்தாலும் சரி, அடிபட்ட காலில் பாரத்தை மாற்றி வைத்து நடந்தால் நடந்ததாகத்தான் கணக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்திப் போவது கணக்கில்லை. அந்த நான்கு இடத்தில் ஒன்றில் எலும்பின் மேல் வலித்தாலும் எக்ஸ்ரே, அடிபட்டபோதும் நடக்க முடியவில்லை, இப்போதும் முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே.

அந்த நான்கு இடத்தில் எங்கும் எலும்பின் மேல் வலி இல்லை, நடக்கவும் முடிகிறது என்றால் பெரிய முறிவு இல்லை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கக் கூடாது. ஓரிடத்தில் வலித்தது என்றால் எலும்பு உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வலித்து எக்ஸ்ரே எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு நன்றாகத்தான் இருக்கும். எக்ஸ்ரே தேவையில்லாதவரைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தச் சோதனை கெட்டி.

இந்தச் சோதனை செல்லாத ஆட்களும் உண்டு. குடித்திருப்பவர், வலியே தெரியாது. உடம்பில் வேறு இடத்திலும் பெரிய அடி உள்ளவர், கவனம் அங்கே இருக்கும். சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு எலும்பு வளர்கிற இடம் ஜவ்வைவிட மெலிந்தது, பெரியவர்களுக்கு ஜவ்வு கிழிகிற வேகத்தில் பிள்ளைகளுக்கு அந்த இடம் பெயர்ந்துவிடலாம், அதனால் டாக்டர் கையால் பார்ப்பதுதான் நல்லது. வயதான அம்மாக்கள், எலும்பு தேய்ந்தவர்கள், இவர்களுக்கும் நான் தயங்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன். எல்லோரையும்விட எனக்குப் பயம் சர்க்கரை உள்ளவர்களைப் பற்றித்தான். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் உடைந்த காலிலேயே நடந்துகொண்டிருப்பார்கள். காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், கால் சிவந்து சூடாக வீங்கியிருக்கிறது, வலி பெரிதாக இல்லை, "மூணு வாரமா சுளுக்குங்க, தக்காளி கொண்டாந்து போட்டுட்டுத்தான் வர்றேன்" என்கிறார். எக்ஸ்ரேயில் பாதத்தின் நடு எலும்புகள் பொடிந்து இடம் மாறியிருந்தன. சர்க்கரை உள்ளவருக்கு ஒரு கால் மட்டும் சூடாகச் சிவந்து வீங்கினால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலைத் தரையில் ஊன்றாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சுளுக்கு மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வருகிறவை இன்னும் இரண்டு மூன்று இருக்கின்றன. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை என்று சொன்னால் குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க, கெண்டைக்கால் சதையைக் கையால் பிசையுங்கள், பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும், அசையாமல் கிடந்தால் அறுந்துவிட்டது. பாதத்தின் அடியில், நடுவில், ரத்தக்கட்டு தெரிந்தால் பாத நடுமூட்டு விலகியிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், இது சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிப் போகிற வகை, நின்றபடி எடுத்தால்தான் தெரியும். இன்னொன்று, வலி கணுவுக்குக் கீழே இல்லாமல் மேலே, கீழ்க்காலின் இரண்டு எலும்பும் சேர்கிற இடத்தில் இருப்பது. பாதம் வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டால் வரும். வீக்கம் குறைவாக இருக்கும், ஆனால் ஆற மற்றதைவிட ரொம்ப நாளாகும்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஆனால் நீங்கள் அலைய வேண்டியதில்லை. பாலக்கோடு அரசு மருத்துவமனையிலேயே முதலில் காட்டலாம், பெரிதாக ஏதாவது இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது. கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்கு அங்கேயும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. தம்பி சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்த டாக்டரிடம் காட்டி சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பணம் கட்டிய நாள் கணக்கு சரியாக இருந்தால் விடுப்பு நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். இது தெரியாமல் வேலை போய்விடும் என்று நான்காம் நாளே நொண்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிற பையன்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இப்போது வேண்டாம். எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள், ஆறு வாரம் கழித்தும் வலி போகாதவருக்கு அது உதவும்.

இனி வைத்தியம். 'நரம்பு பிசகிடுச்சு, எடுத்துவிட்டால் சரியாகிடும்' என்று ஊரில் சொல்வது தப்பு. நரம்பு எதுவும் பிசகவில்லை. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டுகிற கயிறுதான் ஜவ்வு, அது இழுபட்டோ, பாதி கிழிந்தோ, முழுதாக அறுந்தோ இருக்கிறது. கிழிந்த துணியைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டவைக்க முடியுமா? முதல் மூன்று நாளில் நீவினால் அடைபட்டுக்கொண்டிருக்கிற ரத்தக் குழாய்கள் மறுபடி கசியும், வீக்கம் கூடிவிடும். இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவினால் போய்விடும் என்று என் பாட்டியும் சொல்வார், பாசத்தோடு சொல்வார், அவர் காலையும் நான் நீவ விட்டதில்லை. வெந்நீர் ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம், சுடச்சுடப் புளிப்பற்று எல்லாம் சூடு என்பதால் இந்த மூன்று நாளுக்கு வேண்டாம். அதற்கு அப்புறம் ஆசைக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தோல் வெந்துபோகாமல் இருந்தால் கெடுதல் இல்லை. குடியும் இந்த நாட்களில் கூடாது, இதை நான் சொன்னதாகத் தம்பியிடம் தனியாகச் சொல்லுங்கள்.

ஐஸ் வைக்கலாம். கட்டியை நேராகத் தோலில் வைக்காதீர்கள், ஈரத்துண்டில் சுற்றி 15 நிமிஷம், அதிகம் போனால் 20 நிமிஷம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. இது வலிக்காகத்தான். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் பரப்பிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அதனால் நான் ஐஸை மூன்று நாளோடு நிறுத்திவிடுவேன். காலை உயர்த்தி வைப்பதைத்தான் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எதிரில் முக்காலி போட்டால் உயரம் போதாது, படுத்துக்கொண்டு இரண்டு தலையணை வைத்து கால் நெஞ்சைவிட மேலே இருக்க வேண்டும்.

கிரேப் பேண்டேஜ் சுற்றும்போது விரலுக்குப் பின்னால் ஆரம்பித்து மேலே போங்கள், கணுக்காலில் எட்டு மாதிரி குறுக்காக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி. மேலிருந்து கீழே சுற்றினால் வீக்கமெல்லாம் பாதத்தில் தேங்கிவிடும். குதிகாலை விட்டுவிட்டுச் சுற்றாதீர்கள். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றி விடுங்கள், ராத்திரி தூங்கும்போது கழற்றிவிடுவதே நல்லது. மாத்திரை என்றால் பாரசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம், வேறு மாத்திரையிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டைக்ளோபினாக், புரூபன் மாதிரியான வலி மாத்திரைகளை வயிற்றுப் புண், கிட்னி, இருதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடக் கூடாது. வலி ஊசி ஒன்று போட்டுக்கொண்டு அன்றைக்கே மேட்ச் ஆடப் போகிற பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. வலிதான் அந்த ஜவ்வுக்குக் காவல், அதைத் தூங்க வைத்துவிட்டு எகிறிக் குதித்தால் மிச்சமிருக்கிற நாரும் அறுந்துபோகும்.

மாமா சொன்ன கட்டு. ஆந்திராவில் திருப்பதிக்குத் தெற்கே இருக்கும், எலும்புக் கட்டு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூரின் பெயரை வைத்து நம் ரோட்டோரம் முழுக்க போர்டு இருக்கிறது, போய்க் குணமானவர்களும் இருக்கிறார்கள், சாதாரணச் சுளுக்கு எப்படியும் ஆறிவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். எனக்கு அதில் இருக்கிற சண்டை இரண்டு. எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுவது ஒன்று, புதிதாக வீங்கிக்கொண்டிருக்கிற காலில் மூங்கில் பத்தை வைத்து இறுக்குவது இன்னொன்று. உள்ளே வீக்கம் ஏற, வெளியே கட்டு விடாமல் நிற்க, நடுவில் ரத்த ஓட்டம் நின்றுபோகும். அப்படி எங்கோ கட்டிக்கொண்டு, மூன்று நாள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டு, விரல் கறுத்து வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்டாக இருந்தாலும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டாக இருந்தாலும், கட்டிய பிறகு வலி ஏறிக்கொண்டே போனால் ராத்திரி ஒரு மணியானாலும் போய் வெட்டிவிடச் சொல்ல வேண்டும். அதே போல ஜவ்வு கிழிந்ததற்கு ஒன்றரை மாதம் மாவுக்கட்டு என்பதும் பழைய வழி. முழுதாக அறுந்ததற்கு வலி அடங்க ஒரு வாரம் பத்து நாள் அசையாமல் வைப்பதில் நியாயம் இருக்கிறது, அதற்கு மேல் வைத்தால் மூட்டு இறுகி, சதை சூம்பி, என்னிடம் வந்து இரண்டு மாதம் கஷ்டப்படுகிறார்கள். கட்டுப் போட்டவருக்குக் கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம் வந்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போகிற ஆபத்து இருக்கிறது, தாமதிக்கவே கூடாது.

விரல் சோதனையில் தம்பி தேறிவிட்டான் என்றால் மூன்று நாள் கழிந்ததுமே, அதாவது நாளைக்கே, வலி தாங்குகிற அளவுக்கு நடக்க விடுங்கள். கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் அடி என்றால் தடி இடது கையில். எல்லோரும் தலைகீழாகத்தான் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். குத்தவைத்து உட்காரும் கக்கூஸ் இரண்டு வாரத்துக்கு வேண்டாம், கணுக்கால் அந்த அளவுக்கு மடங்காது, எழும்போது தடுமாறி மறுபடி பிரளும். நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி போதும். பைக் கூடாது. வலது காலில்தான் பிரேக், லாரி குறுக்கே வந்தால் அந்தக் கால் முழு பலத்தோடு மிதிக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரைக்கும் எல்லோரும் செய்துவிடுவார்கள். வலி போனதும் நிறுத்திவிடுவதுதான் வினை. நானே செய்தேன், படிக்கிற காலத்தில். ஒகேனக்கல்லில் வழுக்கிக் கால் பிரண்டது, நாலாம் நாள் வலி குறைந்ததும் ஷூ போட்டுக்கொண்டு கிரவுண்டுக்குப் போய்விட்டேன், அடுத்த இரண்டு வருஷத்தில் அதே கால் ஐந்து தடவை மடங்கியது, கடைசித் தடவை சமதரையில் சும்மா நடந்துகொண்டிருந்தபோது. ஜவ்வு வெறும் கயிறு இல்லை. கால் எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நுண்ணிய நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அந்தச் சேதியும் அறுந்துபோகிறது, ஜவ்வு ஆறினாலும் சேதி தானாக வந்துவிடாது, பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். ஒரு தடவை பிரண்ட கால் திரும்பத் திரும்பப் பிரள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நாளையிலிருந்து கட்டிலில் காலை நீட்டி, கட்டைவிரலைப் பேனாவாக நினைத்து, காற்றில் 'அ'விலிருந்து 'ஃ' வரைக்கும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்து வளைவு அதிகம், 'ஔ' எழுதி முடிப்பதற்குள் கணுக்கால் எல்லாத் திசையும் திரும்பிவிடும். கூடவே பாதத்தில் துண்டைப் போட்டு நெஞ்சுப் பக்கம் இழுத்து முப்பது எண்ணும் வரை பிடிக்கலாம். ஒரு வாரம் போனதும் பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு வெட்டி, கட்டில் காலில் வளையமாகக் கட்டி, பாதத்தை உள்ளே விட்டு வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும், பதினைந்து தடவையாக மூன்று சுற்று. கால் உள்ளே மடங்குவதைத் தடுக்கிற சதை வெளிப்பக்கச் சதைதான், அதனால் இதை விட்டுவிடக் கூடாது. அப்புறம் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது, முதலில் இரண்டு காலால், பிறகு அடிபட்ட காலால் மட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒற்றைக்காலில் நிற்பது. காலையில் பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நிற்கட்டும். முப்பது விநாடி ஆடாமல் நின்றுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும், அதுவும் வந்துவிட்டால் மடித்த கம்பளியின் மேல் நின்று கண்ணை மூடட்டும். பக்கத்தில் சுவர் இருக்க வேண்டும். நல்ல காலில் கண்ணை மூடிப் பத்து விநாடி நிற்கிறவன் இந்தக் காலில் இரண்டு விநாடியில் சாய்வான், அவனே பார்த்து அதிர்ந்துபோவான், நான் சொல்வதைவிட அதுதான் அவனை ஒழுங்காகச் செய்ய வைக்கும். இதை மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். வலி போய் இரண்டரை மாதமாகியும் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

எத்தனை நாளாகும் என்றால், லேசாக இழுபட்டதற்கு ஒன்று இரண்டு வாரம், பாதி கிழிந்ததற்கு மூன்றிலிருந்து ஆறு வாரம், முழுதாக அறுந்ததற்கு இரண்டு மூன்று மாதம். நீங்கள் சொல்கிற சத்தம், உடனே வந்த வீக்கம், ரத்தக்கட்டு எல்லாம் வைத்துப் பார்த்தால் தம்பிக்கு நடு வகையோ அதற்கு மேலோ இருக்கும் என்று தோன்றுகிறது. அறுந்தாலும் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நிற்கிற வேலைக்கு, நொண்டாமல் அரை மணி நேரம் நடக்க முடிந்த பிறகு போகலாம், முதல் வாரம் நடுவில் உட்கார அனுமதி கேட்கட்டும். வாலிபாலுக்கு அவசரம் வேண்டாம். ஒற்றைக்காலில் குதிகாலை இருபது தடவை தூக்க வேண்டும், ஒற்றைக்காலில் தத்த வேண்டும், வளைந்து வளைந்து ஓட வேண்டும், மூன்றையும் நல்ல கால் அளவுக்குச் செய்தால் ஆடலாம். ஆடும்போது ஆறு மாதத்துக்காவது கணுக்காலைப் பிடித்து நிறுத்துகிற, கயிறு கட்டுகிற வகை 'ஆங்கிள் பிரேஸ்' போட்டுக்கொள்ளட்டும். மெடிக்கலில் கிடைக்கிற சாக்ஸ் மாதிரியான உறை கதகதப்பாக இருக்கும், காலைப் பிடித்து நிறுத்தாது.

ஐந்து ஆறு நாளில் நடை கொஞ்சமாவது தேறவில்லை, அல்லது ஆறு வாரம் ஆகியும் உள்ளே ஏதோ மாட்டிக்கொள்கிற மாதிரி, கால் நழுவுகிற மாதிரி இருக்கிறது என்றால் எலும்பு டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத கீறல் பத்து நாள் கழித்து எடுத்தால் தெரிவது உண்டு.

இன்று ராத்திரியே அழுத்திப் பார்த்துவிடுங்கள். எலும்பின் மேல் எந்த இடத்தில் அலறுகிறானோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, காலையில் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கூட்டிப் போய் டாக்டரிடம் அந்தப் புள்ளியைக் காட்டுங்கள். புள்ளியே வைக்க வேண்டி வரவில்லை என்றால் அவன் 'அ'வில் ஆரம்பிக்கலாம்.